5,000 ரூபாய்க்குள் பேஸ் நன்றாகக் கேட்கும் இயர்போன்: எதைப் பார்த்து வாங்குவது?

கனகராயன்:
அனைவருக்கும் வணக்கம். மாங்குளத்திலிருந்து நாள்தோறும் பஸ்ஸில் வவுனியாவுக்கு வேலைக்குச் சென்று வருகிறேன். பயண நேரம் முழுவதும் நாதஸ்வர, தவில் கச்சேரிகளின் ஒலிப்பதிவுகளையே கேட்கிறேன். தவிலின் தொப்பிப் பக்கத்திலிருந்து எழும் கனத்த தாழ்ந்த ஒலி, அதாவது பேஸ், நெஞ்சில் இறங்க வேண்டும் என்பதே என் ஆசை. பெட்டியில் 'சூப்பர் பேஸ்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்ததை நம்பி 5 மாதங்களுக்கு முன் ஓர் இயர்போன் வாங்கினேன். அதில் தவில் தகரப் பேணியைத் தட்டுவது போலக் கேட்கிறது. சத்தத்தைக் கூட்டினாலோ நாதஸ்வரம் காதைக் குத்துகிறது. என் போனில் 3.5 மில்லிமீற்றர் துளை இல்லை, ரைப்-சி மட்டுமே உண்டு. 5,000 ரூபாய் வரை செலவழிக்கலாம். வயர் உள்ளதை வாங்குவதா, புளூரூத் வாங்குவதா, அல்லது காதை மூடும் ஹெட்போனா?

பாலைப்பழம்:
தம்பி, காசை எடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். இயர்போனை மாட்டிப் பாட்டை ஓடவிட்டு, இரண்டையும் விரலால் மெதுவாக உள்நோக்கி அழுத்துங்கள். அழுத்தும்போது பேஸ் எழுந்து, விட்டதும் மறைந்தால், பழுது இயர்போனில் இல்லை. காதுக்கும் ரப்பருக்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான் இருக்கிறது. காதுத் துவாரம் இறுக மூடியிருந்தால்தான் உள்ளே அடைபட்ட சிறிதளவு காற்றில் தாழ்ந்த ஒலிகளுக்கு வேண்டிய அழுத்தம் உருவாகும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் அந்த அழுத்தம் வெளியேறிவிட, கூர்மையான ஒலிகள் மட்டும் எஞ்சிவிடுகின்றன. உங்களுக்கு நாதஸ்வரம் குத்துவதும் தவில் மெலிவதும் ஒன்றாக நடப்பதால் எனக்கு இந்தச் சந்தேகமே முதலில் வருகிறது. பலருக்கு இரண்டு காதுத் துவாரங்களும் ஒரே அளவில் இருப்பதில்லை. எனக்கு இடப்பக்கம் பெரிய ரப்பரும் வலப்பக்கம் நடுத்தர ரப்பரும்தான் பொருந்துகின்றன. சிலிக்கன் பொருந்தாவிட்டால் பஞ்சு போன்ற ஃபோம் முனைகளைப் பொருத்திப் பாருங்கள். அவை காதுக்குள் விரிந்து நன்றாக அடைத்துக்கொள்ளும்.

முத்தையன்கட்டு:
போன் திருத்தும் கடை வைத்திருப்பதால் ஒவ்வொரு நாளும் இந்தக் கேள்வியைச் சந்திக்கிறேன். மேலே சொன்னது முற்றிலும் சரி. பெட்டியில் உள்ள '20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை' என்ற வரியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது மனிதக் காதின் எல்லையே தவிர, அந்த இயர்போன் 50 ஹேர்ட்ஸ் போன்ற தாழ்ந்த ஒலியில் எவ்வளவு பலமாக ஒலிக்கும் என்பதை அது சொல்வதில்லை. இயர்போனுக்குள் ஒலியை எழுப்பும் பாகமான டிரைவரின் விட்டம் பெரிதாக இருப்பதாலும் பேஸ் தானாக வந்துவிடாது. அதை எப்படி இசைவித்திருக்கிறார்கள், கூடு எப்படி அமைந்திருக்கிறது என்பவற்றையும் பொறுத்தே ஒலி அமைகிறது.

இந்தத் தொகைக்கு வயர் உள்ளதையே பரிந்துரைக்கிறேன். புளூரூத்தில் பேஸ் வராது என்பது தவறான எண்ணம். ஆனால் அதே விலையில் ஒரு பகுதி பற்றரிக்கும் சிப்புக்கும் போய்விடுகிறது, அந்தச் சின்னப் பற்றரி தளர்ந்த பின் மாற்றுவதும் இலகுவல்ல. என் மேசைக்கு வரும் வயர் இயர்போன்களில் பெரும்பாலானவை பிளக்கின் கழுத்தில்தான் அறுந்திருக்கும். ஆகவே கழற்றி மாற்றக்கூடிய வயர் கொண்டதாகத் தேடுங்கள். கேஇசட் ஈடிஎக்ஸ் புரோ, மூன்ட்ரொப் சு 2 ஆகிய இரண்டு இயர்போன்களும் 10 மில்லிமீற்றர் டைனமிக் டிரைவரும் கழற்றக்கூடிய வயரும் கொண்டவை. முன்னதில் பேஸ் தூக்கலாக இருக்கும். பின்னது சமநிலையானது, நாதஸ்வரத்துக்கு இதமானது. ரைப்-சி மாற்றி வாங்கும்போது டிஜிற்றல் தரவை ஒலிச் சைகையாக மாற்றும் 'டிஏசி' சிப் உள்ளதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் சில போன்களில் சத்தமே வராது. ஹெட்போனைப் பொறுத்தவரை, சித்திரை வெயிலில் நெரிசலான பஸ்ஸில் காதை மூடிக்கொண்டு வியர்ப்பது எவருக்கும் ஏற்றதல்ல.

வன்னித்தென்றல்:
ஒன்றைச் சேர்க்கிறேன், அண்ணா. பஸ் எஞ்சினின் உறுமலும் தாழ்ந்த ஒலிதான் என்பதால், அது தவிலின் தொப்பி ஒலியை மூடிவிடுகிறது. அதை வெல்வதற்காகச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது செவிக்குக் கேடு. 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்; 90 டெசிபலுக்கு ஏறினால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். இறுக அடைக்கும் முனை இருந்தால் குறைந்த சத்தமே போதும். போனில் ஒலியின் ஏற்ற இறக்கங்களைச் சரிசெய்யும் ஈக்வலைசரில் தாழ்ந்த 60 ஹேர்ட்ஸை ஏற்றுவதைவிட, உயர்ந்த ஒலிகளுக்கான பட்டைகளைச் சற்று இறக்கிப் பாருங்கள், ஒலி உடையாது. பழைய கசெற்றிலிருந்து எடுத்த பதிவுகளில் தாழ்ந்த ஒலி ஏற்கெனவே தேய்ந்திருந்தால் எந்த இயர்போனாலும் அதை மீட்க முடியாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கனகராயன்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை பஸ்ஸில் விரலால் அழுத்திப் பார்த்தேன். கனகராயன்குளம் தாண்டும் வரை கையை எடுக்க மனம் வரவில்லை. தவில் அப்படியே எழுந்து வந்தது. பெட்டிக்குள் பிரிக்காமலே கிடந்த பெரிய ரப்பரை இடக்காதுக்கு மாற்றியதும் பாதிக் குறை தீர்ந்துவிட்டது. வலப்பக்க வயர் பிளக்கின் அருகில் விட்டுவிட்டு இயங்குவதால் புதியது வாங்கத்தான் வேண்டும். நான் கேட்பது பெரும்பாலும் நாதஸ்வரம் என்பதால் மூன்ட்ரொப்பையும், டிஏசி உள்ள மாற்றியையும் விசாரிக்கிறேன். மாற்றியையும் சேர்த்தால் தொகை மீறுமானால், அடுத்த சம்பளம் வரை இந்த ரப்பருடன் சமாளித்துக்கொள்வேன்.