380 மீட்டருக்கு எந்த எஸ்எஃப்பி மாட்யூல் எடுக்கறதுங்க?

நூல்கண்டு:
வணக்கமுங்க. திருப்பூர் பெருமாநல்லூர் ரோட்டுல பனியன் யூனிட். ஆபீஸ்ல இருந்து நிட்டிங் ஹாலுக்கு ஃபைபர் 380 மீட்டர், 6 கோர் (உள்ள ஆறு இழை). ஹால்ல இருந்து ரோட்டுக்கு அக்கட்டால குடோனுக்கு 1.2 கிலோமீட்டர், அதுல ஒரே ஒரு கோர்தான் உருப்படி. ஆபீஸ், ஹால் ரெண்டுலயும் எஸ்எஃப்பி பிளஸ் போர்ட் (ஃபைபர்ல வெளிச்சம் அனுப்பி வாங்கற மாட்யூலைச் சொருகற வாய், 10ஜி வேகம்) உள்ள புது சுவிட்ச். குடோன்ல பழசு, 1ஜி எஸ்எஃப்பி மட்டும். ஒரு கடைக்காரர் எஸ்ஆர் (கிட்டத் தூர ரகம்) மாட்யூல் விலை கம்மி, அதுவே போதும்ங்கறார். இன்னொருத்தர் 40 கிலோமீட்டர் மாட்யூல் போடுங்க, பவர் எச்சா இருக்கும்ங்கறார். எதை வாங்கறதுங்க?

நொய்யல்கரை:
மாட்யூல் அப்புறம். முதல்ல கேபிள் உறை மேல அச்சடிச்சிருக்கறதைப் படிங்க. ஜி.652டி, ஓஎஸ்2, 9/125 இதுல ஏதாவது இருந்தா சிங்கிள் மோட், அதாவது நெடுந்தூர ஃபைபர். 50/125 இல்ல 62.5/125 இருந்தா மல்டிமோட், கிட்டத் தூரத்துக்கானது. பேட்ச் கார்டு (சுவிட்சுக்கு மாட்டற குட்டைக் கேபிள்) சிங்கிள் மோட் நிறமான மஞ்சளா இருக்கறதை வெச்சு முடிவு பண்ணாதீங்க, அது யாரோ கைக்குக் கெடைச்சதை மாட்டுனதா இருக்கும்.

எஸ்ஆர் 850 நானோமீட்டர், மல்டிமோடுக்கானது. 10ஜி-ல ஓஎம்2 ரக மல்டிமோட் கேபிள்னா 82 மீட்டர், ஓஎம்3 300, ஓஎம்4 400. உங்க 380-க்கு ஓஎம்4 ஒண்ணுதான் தாங்கும், அதுவும் விளிம்புல. சிங்கிள் மோடா இருந்தா எஸ்ஆரை மறந்துடுங்க. 10ஜி எல்ஆர் (சிங்கிள் மோட் ரகம்), 1310 நானோமீட்டர், ரெண்டு முனைக்கும் ஒண்ணொண்ணு.

கணக்கையும் பாத்துக்கோங்க. எல்ஆர் குறைஞ்சபட்சம் -8.2 டிபிஎம் (வெளிச்ச பவரோட அளவு) அனுப்பும், -14.4 வரைக்கும் வாங்கும். வழியில இழக்கறதுக்குக் கையில 6.2 டிபி. ஃபைபர்ல போறது கிலோமீட்டருக்கு 0.4, ஆக 380 மீட்டருக்கு 0.15. கனெக்டர் நாலு, தலைக்கு 0.5 வெச்சா 2. ஸ்ப்ளைஸ் (ஃபைபரை ஒட்டுன இடம்) ரெண்டுக்கு 0.2. மொத்தம் 2.4 டிபிக்குள்ளதான். பாருங்க, தூரம் தின்கறதைவிட கனெக்டர் தின்கறதுதான் எச்சு.

40 கிலோமீட்டர் ஈஆர்? நோம்பிக் குழாயைக் காதோரமே கட்டுன மாதிரிங்க. அது +4 டிபிஎம் வரைக்கும் அனுப்பும், வாங்கற பக்கம் -1-க்கு மேல தாங்காது. உங்க தூரத்துல நேரா மாட்டுனா எரர் வரும், ரிசீவரே கெட்டும் போகலாம். 5 டிபி அட்டெனுவேட்டர் போட்டு ஓட்டலாம்தான். ஆனா காசு குடுத்து வாங்குன பவரை மறுபடி காசு குடுத்து எதுக்குக் குறைக்கணும்?

ஊடும்பாவும்:
குடோனுக்கு ஒரு கோர்தான்னா 1ஜி பைடை (ஒரே கோர்ல போக வர ரெண்டும் நடக்கற மாட்யூல்). இது ஜோடியா வரும்: ஒண்ணு 1310-ல அனுப்பி 1490-ல வாங்கும், இன்னொண்ணு தலைகீழ். ரெண்டும் ஒரே மாதிரி வாங்கிட்டா லிங்க் வரவே வராது, கடையில நடக்கற தப்பு இதுதான். 1310/1550 ஜோடியும் விக்கறாங்க, அதையும் இதையும் கலக்க வேண்டாம். 10 கிலோமீட்டர் ரகம் போதும்.

ஹால் சுவிட்சோட எஸ்எஃப்பி பிளஸ் போர்ட்ல 1ஜி மாட்யூல் போகுமான்னு டேட்டாஷீட்ல பாத்துடுங்க. பெரும்பாலும் போகும், சிலது 10ஜி மட்டுமே எடுக்கும். அந்தப் போர்ட்ல வேகத்தை 1000-னு கையால வெக்கணும். ஆட்டோ நெகோஷியேஷன் (ரெண்டு சுவிட்சும் தானே பேசி ஒத்துக்கறது) ரெண்டு பக்கமும் ஆன், இல்லாட்டி ரெண்டு பக்கமும் ஆஃப். ஒரு பக்கம் மாறி இருந்தா இங்க லைட் எரியும், அங்க எரியாது. கேபிளைச் சந்தேகப்பட்டுத் தோண்ட ஆரம்பிச்சுடுவாங்க.

தறிச்சத்தம்:
நிட்டிங் ஹால்னா பஞ்சுத்தூசி. மாட்யூல் எத்தனை ஒசத்தியானாலும் முனையில ஒரு துளி பஞ்சு உக்காந்தா முடிஞ்சுது. 1.25 மில்லிமீட்டர் பேனா கிளீனர் ஒண்ணு வாங்கி வெச்சு (சின்னக் கனெக்டரான எல்சிக்கு அதுதான், பெரிய கனெக்டரான எஸ்சிக்கு 2.5), ஒவ்வொரு தடவை சொருகும்போதும் துடைங்க. புது பேட்ச் கார்டையும்தான். காலியா இருக்கற போர்ட்ல ரப்பர் மூடியைக் கழட்டாதீங்க. முனையைக் கண்ணுக்கு நேரா வெச்சும் பாக்காதீங்க, அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது.

டிடிஎம் (பவரை அளந்து காட்டற வசதி) உள்ள மாட்யூலா கேட்டு வாங்குங்க. வாங்கற பவரை சுவிட்ச்லயே பாக்கலாம். மாட்டுன அன்னிக்கு வந்த எண்ணை எழுதி வெச்சுக்கோங்க. -5 இருந்தது ஆறு மாசத்துல -11 ஆச்சுன்னா அழுக்கு, இல்ல எங்கயோ கேபிள் மடங்கியிருக்கு. -40 காட்டுனா வெளிச்சமே வரலை. எல்ஆர் லிங்க்ல முதல்ல ரெண்டு கோரையும் இடம் மாத்திச் சொருகிப் பாருங்க.

சில சுவிட்ச் வேற கம்பெனி மாட்யூலை ஏத்துக்காது. உங்க சுவிட்ச் மாடலைச் சொல்லி அதுக்கு கோடிங் பண்ணுனதைக் கேளுங்க. தகர ஷெட்ல சித்திரை வெயிலுக்குச் சாதா மாட்யூல் பத்தாது. அதோட எல்லை 70 டிகிரி, அதுவும் மாட்யூல் உறையோட சூடு. ரேக் அங்க இருந்தா 85 டிகிரி இண்டஸ்ட்ரியல் ரகம் எடுங்க.

நூல்கண்டு:
ரொம்ப நன்றிங்க. ரெண்டு கேபிள்லயும் ஜி.652டி-னு இருக்குது. குடோன் பெட்டியில மட்டும் பச்சைக் கனெக்டர் எஸ்சி. அதுல எந்த பேட்ச் கார்டும் போகுமுங்களா?

நொய்யல்கரை:
போகாது. பச்சை ஏபிசி, முனை 8 டிகிரி சாய்வு. சாய்வு இல்லாத நீல யுபிசியைச் சொருகுனா உள்ள போயிரும், ஆனா ரெண்டு முனையும் ஒட்டாம டிபி எகிறும், முகமும் கீறும். ஒரு முனை எஸ்சி ஏபிசி, மறுமுனை எல்சி யுபிசி, சிங்கிள் மோட், சிம்ப்ளெக்ஸ் (ஒத்தைக் கோர்)னு சொல்லி 3 மீட்டர்ல ரெண்டா வாங்குங்க. ஒண்ணு ஸ்பேர். பைடையில எஸ்சி வாயும் வருது, எல்சிதானான்னு மாட்யூல் வாங்கறப்பவே பாத்துடுங்க.