பன்னி புல்வெளியில் நான் பார்த்த உப்பும் மாடுகளும்

மேய்ச்சல்தான் புல்வெளியை அழிக்கிறது என்று பலரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில், பன்னி என்ற புல்வெளியில் தாவரக் கணக்கெடுப்புக்குப் போய்வந்த பிறகு எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடில்லை.

கட்ச் ரண் என்ற உப்புப் பாலைவெளியை ஒட்டிச் சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் விரிந்து கிடக்கிறது பன்னி. மண்ணிலேயே உப்பு. மழை ஆண்டுக்குச் சராசரியாக 300 மில்லிமீட்டர்தான், அதுவும் அடிக்கடி பொய்த்துவிடும். கண்ணுக்குத் தரை ஒரே மட்டமாகத்தான் தெரியும். ஆனால் அரையடி ஏற்ற இறக்கம் இருந்தாலே செடி மாறிவிடுகிறது. தண்ணீர் தேங்கி வற்றும் பள்ளத்தில் உப்பு தங்கி, உப்பைத் தாங்கும் உமரிச் செடி வளர்கிறது. கொஞ்சம் மேடான, உப்புக் குறைந்த இடத்தில் மாடுகளுக்குப் பிடித்த ஜிஞ்ச்வோ புல்.

மேய்ச்சலால் கெடுதலே இல்லை என்று சொல்லவில்லை. மாடுகள் தினமும் தண்ணீர் குடிக்க வரும் குளத்தைச் சுற்றிப் புல் மிதிபட்டு வேரோடு போய்விடுகிறது. மூடாக்கு இல்லாத மண்ணில் வெயில் அடிக்கும்போது அடியிலிருக்கும் ஈரம் உப்போடு மேலேறும். நீர் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே பூத்து நிற்கும். காய்ந்த சேற்றில் ஓர் எருமையின் குளம்புத் தடத்தைக் குனிந்து பார்த்தேன். விளிம்பு முழுக்க வெள்ளை உப்பு, குழிக்குள் நகக்கண் அளவில் உமரி நாற்றுகள். புல் ஒன்றுகூட இல்லை. ஆனால் குளத்தை விட்டுத் தள்ளிப் போகப் போகப் புல் திரும்பி வந்தது.

பெரிய மாற்றம் வேறு வழியில் வந்தது. ரண்ணின் உப்பு முன்னேறாமல் தடுப்பதற்காக 1960களின் தொடக்கத்தில் இங்கே சீமைக் கருவேலத்தை நட்டார்கள். மாடுகள் அதன் நெற்றைத் தின்னும், விதை செரிக்காமல் சாணியில் வெளியே வரும். காய்ந்த சாணி ஒன்றை உடைத்துப் பார்த்தேன். உள்ளே விதைகள் அப்படியே இருந்தன, ஓரத்தில் இரண்டு முளைவிட்டிருந்தன. கூடவே, தெற்கிலிருந்து வரும் ஆறுகளில் அணைகள் கட்டியதால் உப்பைக் கழுவிக்கொண்டிருந்த வெள்ளமும் குறைந்துபோனது.

எங்களுக்கு வழிகாட்டிய பெரியவர் ஒரு மால்தாரி, அதாவது இங்கே மந்தை மேய்ப்பவர். அவரிடம், "சாச்சா, முன்பு பசுக்கள்தானே அதிகம்?" என்று கேட்டேன். அந்த நெற்றை நிறையத் தின்றால் காங்க்ரேஜ் இனப் பசுக்களுக்கு வயிறு கெட்டுவிடுகிறது, எருமை தாக்குப்பிடிக்கிறது, அதனால்தான் பலரும் எருமைக்கு மாறினோம் என்றார். இரவில் தாமாகவே மேய்ந்துவிட்டு விடியலில் வீடு திரும்பும் இந்தப் பன்னி எருமை, 2010ல் தனி இனமாக அங்கீகரிக்கப்பட்டது. மரம் பரவியதில் மந்தையே மாறியிருக்கிறது பாருங்கள். தாவரக் கணக்கெடுப்புப் படிவத்தில் இதற்கெல்லாம் ஒரு கட்டம்கூடக் கிடையாது என்பது எனக்கு வருத்தம்தான்.

சீமைக் கருவேலத்தை வேரோடு எடுத்த துண்டுகளில் மழைக்குப் பிறகு புல் தானாகவே முளைத்திருந்தது. யாரும் விதைக்கவில்லை. அதே சமயம், வேலி போட்டு அப்படியே விட்டிருந்த ஒரு துண்டில் உயரமான புல் காய்ந்து சாய்ந்து தரையை மூடியிருந்தது. அடியில் சின்னச் செடிகளுக்கு வெளிச்சமே இல்லை. எனக்குச் சரியாகப் படுவது இதுதான்: மரத்தை எடுத்த இடத்தில் முதல் மழைக்காலம் மட்டும் மந்தையை விடக்கூடாது. புல் விதை உதிர்ந்த பிறகு திறந்துவிடலாம். எப்போது திறப்பது, எத்தனை மாடு என்பதை மால்தாரிகளே முடிவு செய்யட்டும்.