புதுப்பிப்பு: கோர்ஸ் காட்சியில் பல ஆண்டு மாற்றங்கள் ஒரே நாளில் குவிந்த சிக்கல் தீர்ந்தது

பினாங்கின் பாயான் லெப்பாஸில் உள்ள எங்கள் அலுவலகத்தின் சம்பளக் கணக்கு மென்பொருள் வளர்ந்த விதத்தை, கோப்புகளை மரமாக வரைந்து அவற்றின் மாற்றங்களை அசைபடமாகக் காட்டும் கோர்ஸ் (Gource) கருவியில் ஓட்டியபோது, பல ஆண்டு வேலை ஒரே நாளில் குவிந்ததையும், ஒருவரே இரு பெயர்களில் தோன்றியதையும் பற்றி இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

ரீபேஸை (பழைய மாற்றங்களை வேறோர் அடிப்படையின் மேல் மீண்டும் பதிவதை) சந்தேகித்தவரின் விளக்கமே சரியாக இருந்தது. நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டிலிருந்து (Git) கோர்ஸ் எடுத்துக்கொள்வது நிரல் எழுதப்பட்ட நேரத்தை அன்று, கமிட் (மாற்றத் தொகுப்பு) பதிவான நேரத்தை. ரீபேஸ் செய்தால் அது புதிதாகிவிடும். ஆகவே எழுதிய நேரம் (1970 ஜனவரி 1 முதல் எண்ணிய வினாடிகளில்), பெயர், செயல், கோப்பு ஆகிய நான்கையும் செங்குத்துக் கோட்டால் பிரித்து, நேர வரிசைப்படி அடுக்கிய தனிப் பதிவுக் கோப்பைக் கொடுத்ததும் காலம் ஒழுங்காக விரிந்தது.

இரட்டைப் பெயருக்கு, ஒருவரின் பல பெயர்களை ஒன்றாக்கும் மெயில்மேப் (.mailmap) கோப்பே போதும் என்று இங்கே சொல்லப்பட்டது உண்மைதான். ஆனால் பதிவை நாமே எடுக்கும்போது, பெயருக்கான குறியீட்டில் பெரிய 'என்' (%an அன்று, %aN) இல்லாவிட்டால் கிட் அக்கோப்பைப் பொருட்படுத்துவதில்லை.

எதிர்பாராதது ஒன்று: கோப்புறையின் பெயரை மாற்றிய இடத்தில் காட்சி மரத்தின் ஒரு கிளை முழுவதும் உதிர்ந்து வேறிடத்தில் துளிர்க்கிறது. கோர்ஸ் பெயர் மாற்றத்தை நீக்கமும் சேர்ப்புமாகவே காட்டுவதால், அதைப் பெரும் திருத்தமென்று மேலாளர்கள் எண்ணிவிடக்கூடும்.