ஒற்றை அறை, சுவரெல்லாம் பூஞ்சணம்: என்ன செய்வது?

களுவாஞ்சிக்குடிப் பிள்ளை:
வெளிநாட்டுக்கு வந்து 7 கிழமை. நான், இவர், இரண்டு பிள்ளைகள், ஒரே அறை. கட்டிலுக்குப் பின்னால் சுவர் கறுத்து, மெத்தை ஓரமும் கறுத்துவிட்டது. சின்னவன் இரவிரவாக இருமுகிறான். மீன் பொரித்ததால்தான் பூஞ்சணம் என்கிறார் வீட்டுக்காரர்; வீட்டுக்குக் கட்டின டிப்பொசிட் திரும்ப வராதாம். ஞாயிறு வீட்டுக்காரர் வந்து பார்க்கிறார். ஊரில் குசினி தனியாக இருந்தது, புகை தன்பாட்டில் போகும். இங்கே அடுப்புக்கும் படுக்கைக்கும் நடுவில் ஒரு திரைதான். பயமாக இருக்கிறது.

கல்லாறு அண்ணன்:
தங்கச்சி, 1991இல் சுவிஸில் நாங்கள் ஓர் அறையில் ஆறு பேர். ஒருவன் வேலைக்குப் போக, இரவு வேலை முடித்தவன் அதே மெத்தையில் படுப்பான். மெத்தைச் சூடு ஆறாது. சாமிப்படம் அலுமாரிக்குள். பொறுத்துப் போங்கள். யன்னலைத் திறக்காதீர்கள், ஹீட்டர் காசு ஏறும்.

அக்கரைப்பற்று அக்கா:
அண்ணன், பூட்டி வைத்தால்தான் பூஞ்சணம் வரும்! சோற்று ஆவி, உள்ளே காயப்போடும் உடுப்பு, நாலு பேரின் மூச்சு, எல்லாம் குளிர்ந்த சுவரில் பட்டுத் தண்ணீராகிறது. காலையும் மாலையும் 10 நிமிடம் அகலத் திறவுங்கள்.

காரைதீவுத் தம்பி:
எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுத்தால்தான் கல்யாணம். அக்காவின் வீட்டுக்காகத்தான் நான் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டேன். மாடி கட்டி முடித்தேன். அக்காவும் பிரான்சுக்குப் போய்விட்டா. அம்மா விறாந்தையில் தனியாகப் படுக்கிறா. மேலே ஏற முழங்கால் விடாது.

கல்லடியிலிருந்து:
அப்படி ஆளில்லாத ஒரு வீட்டை இங்கே நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டுக் காசில் கட்டியது. உள்ளே பளபளவென்று குசினி, அடுப்பில் ஒட்டின பொலித்தீன்கூட உரிக்கவில்லை. சமைப்பது பின்வளவுக் கொட்டிலில்.

ஆரையம்பதி அண்ணா:
சரி, பிள்ளையின் கதைக்கு வருவோம். எந்த நாடு என்றே சொல்லவில்லையே, தங்கச்சி. ஒன்டாரியோ என்றால் சேதத்துக்கென்று டிப்பொசிட் வாங்கவே கூடாது. இங்கிலாந்து என்றால், வாங்கி 30 நாளுக்குள் அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட்டு, விபரம் தர வேண்டும். வீட்டுக்காரரும் அதே வீட்டில் இருந்தால் இது பொருந்தாது. ஞாயிறுக்கு முன் சுவரைப் படம் எடுத்து, ஈரம் பற்றி எழுத்தில் அனுப்புங்கள். கட்டிலைச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளுங்கள். முதலில் சின்னவனை டொக்டரிடம் காட்டுங்கள்.

களுவாஞ்சிக்குடிப் பிள்ளை:
லண்டன் அண்ணா. வீட்டுக்காரர் வேறிடம். திட்டம் பற்றி ஒரு கடிதமும் தரவில்லை. கட்டிலை இழுத்தோம், பின்னால் யன்னல் மட்டத்துக்கு ஈரம். இவர் படம் எடுக்கிறார். நாளைக் காலையில் டொக்டரிடம் போகிறோம்.