மறுமொழி: ஷோர் டைவிங்குக்குக் ‘கரைவழி முக்குளிப்பு’ பொருந்துமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். முதன்முறையாகக் கடலுக்குள் இறங்கப்போகிறவர்கள் கையில் வைத்துப் படிக்க ஒரு குறிப்பேடு எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். படகு கிடையாது. எல்லாரும் கரையிலிருந்தே நடந்து நீருக்குள் போகிறார்கள்; இப்படிப் போய் முக்குளிப்பதைத்தான் ஆங்கிலத்தில் ஷோர் டைவிங் என்கிறார்கள். பாதிப் பேர் ஸ்நார்க்கலிங் (குழல் வழியே மூச்சுவிட்டு நீர்ப்பரப்பில் மிதப்பது), மீதிப் பேர் ஸ்கூபா (காற்றடைத்த உருளையைச் சுமந்து மூழ்குவது). இவற்றுக்குத் தமிழ்ச் சொற்கள் கேட்டதும் இத்தனை பேர் எழுதியதற்கு மிக்க நன்றி. ஐயா ஒருவர் அனுப்பிய மடலில் பல யோசனைகள் இருப்பதால் அதன் வரிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போகிறேன்.

> நாளிதழ்களில் ஸ்கூபாவுக்கு ‘ஆழ்கடல் நீச்சல்’ பழகிவிட்டது. மக்களுக்குப் புரிந்த சொல்லை ஏன் மாற்ற வேண்டும்?

பழகிய சொல்லை மதிக்க வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான் ஐயா. ஆனாலும் இந்தச் சொல் வேண்டாம் என்றே நினைக்கிறேன். கடலியலில் ஆழ்கடல் என்பது பொதுவாக 200 மீட்டருக்குக் கீழே தொடங்குவது. துணையோடு தானே முக்குளிக்கத் தகுதி பெற்றவருக்கு ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டுத் தர அமைப்பின் 24801-2 தரம் வைத்திருக்கும் எல்லையே 20 மீட்டர். கரையிலிருந்து இறங்கும் புதியவர் ஐந்து, பத்து மீட்டரில்தான் இருப்பார். பவளமும் மீனும் வெளிச்சமும் நிறைந்த இடம் அதுதான். ஆழ்கடல் என்று கேட்டதும் ஒருவர் பயந்து ஒதுங்குகிறார், இன்னொருவர் ஆழமாகப் போனால்தான் பெருமை என்று நினைக்கிறார். இரண்டும் நமக்கு வேண்டாம். நீச்சல் என்பதும் பொருந்தவில்லை. நன்றாக முக்குளிப்பவர் கைகளை அசைப்பதே இல்லை. துடுப்புக் காலணியை மெதுவாக அசைத்துப் போவார். கையை வீசி நீந்துகிறவருக்குக் காற்று சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இதோடு சேர்த்து ‘ஆக்சிஜன் சிலிண்டர்’ என்று எழுதுவதையும் நிறுத்த வேண்டும். அந்த உருளையில் இருப்பது நாம் மூச்சுவிடும் அதே காற்று, அழுத்தி அடைத்தது. தூய ஆக்சிஜனைச் சுவாசித்துக்கொண்டு 6 மீட்டரைத் தாண்டினால் அது நஞ்சாகி வலிப்பு வரக்கூடும். ‘காற்றுருளை’ என்பதே சரி, சொல்லவும் எளிது.

> முத்துக்குளித்தல், சங்குகுளித்தல் என்ற சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. அந்த வழியில் ‘கடல்குளித்தல்’ எனலாமே?

எனக்கும் ஆசையான சொல்தான். முத்துக்குளிப்பவர்களைச் சொல்லும் குளியாட்கள் என்ற பெயரில் இருக்கும் மிடுக்கு வேறு எதிலும் இல்லை. இரண்டு தடைகள் இருக்கின்றன. ‘கடல்குளித்தல்’ என்று எழுதினால் இன்றைய வாசகர் கடலில் குளிப்பதைத்தான் நினைப்பார். அது கூடச் சரிசெய்யக்கூடியது. பெரிய தடை மூச்சைப் பற்றியது. முத்துக்குளித்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு மூழ்கினார்கள். ஸ்கூபாவில் முதல் பாடமே மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது. கீழே அழுத்தத்தோடு உள்ளிழுத்த காற்று, மேலே வரவர விரியும். 10 மீட்டரில் நிரப்பிய நுரையீரலை அடைத்துவைத்து மேலே வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும், நுரையீரல் கிழியும். அதனால் இரண்டையும் ஒரே பெயருக்குள் போட எனக்குக் கை வரவில்லை.

என் யோசனை: நீருக்குள் மூழ்கிப் போகும் எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘முக்குளிப்பு’. மூச்சடக்கிப் போவது ‘மூச்சடக்கு முக்குளிப்பு’. காற்றுருளையோடு போவது ‘உருளை முக்குளிப்பு’. ஸ்கூபா என்ற சொல்லும் பக்கத்திலேயே இருக்கட்டும், அது ஊரறிந்த சொல்.

> ஷோர் டைவிங் = கரையோர முக்குளிப்பு.

இங்கேதான் இந்த இழையின் முக்கியமான கேள்வி இருக்கிறது. கரையோரம் என்பது இடத்தைச் சொல்கிறது. படகில் ஏறிக் கரைக்கு அருகிலேயே குதித்தாலும் அது கரையோரம்தான். ஷோர் டைவிங்கின் அடையாளம் இடத்தில் இல்லை, வழியில் இருக்கிறது: காலால் நடந்து இறங்கி, காலால் நடந்து ஏறுவது. ‘கரையிறங்கு முக்குளிப்பு’ என்று தம்பி ஒருவர் எழுதியிருந்தார். தமிழில் கரையிறங்குவது என்றால் கப்பலை விட்டுக் கரைக்கு வருவது, திசையே தலைகீழாகிவிடுகிறது. ஆகவே ‘கரைவழி முக்குளிப்பு’. அதற்கு இணையாகப் ‘படகுவழி முக்குளிப்பு’.

வழி என்ற சொல்லை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. படகிலிருந்து குதிப்பவருக்குச் சிக்கல் பெரும்பாலும் நீருக்கடியில். கரைவழிப் போகிறவருக்குச் சிக்கல் இடுப்பளவு நீரில். முதுகில் கனமான உருளை, இடுப்பில் ஈயம், காலில் நீண்ட துடுப்பு, கண்ணாடி வழியே பாதிப் பார்வை. இந்த நிலையில் ஒரு அலை வந்து மோதினால் தேர்ந்தவரும் விழுவார். பயணத் திட்டத்தில் பாதி, எங்கே இறங்குவது, எங்கே ஏறுவது என்பதிலேயே முடிந்துவிடுகிறது. எனவே அவற்றுக்குத் தனிச்சொல் வேண்டும். ‘இறங்குதுறை’, ‘ஏறுதுறை’ என்று எழுதி வைத்திருந்தேன். இலங்கைத் தமிழில் இறங்குதுறை என்பது படகு அணையும் மேடை என்று அக்கா ஒருவர் சுட்டிக்காட்டினார். அவர் சொன்னது நியாயம். ‘இறங்கிடம்’, ‘ஏறிடம்’ என்று மாற்றிக்கொள்கிறேன். மூன்றாவதாக ‘மாற்று ஏறிடம்’. அலை கூடிவிட்டால் அல்லது ஓட்டம் திரும்பிவிட்டால் வேறெங்கே கரையேறுவது என்பதை நனைவதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

குறிப்பேட்டில் இந்தப் பகுதியை இப்படி எழுதியிருக்கிறேன், சொற்கள் உறுத்துகின்றனவா என்று பாருங்கள்:

“காற்றுக்கு மறைவான, மணல் சரிவாக இறங்கும் விரிகுடாவைத் தேர்ந்தெடு. மேடான இடத்தில் நின்று கால் மணி நேரமாவது கடலைப் பார். அலைகள் கூட்டம் கூட்டமாக வரும். பெரிய கூட்டத்துக்குப் பின் சற்று அமைதி கிடைக்கும். அந்த அமைதியில் இறங்கு. இறங்குமுன் கண்ணாடி முகத்திலும் மூச்சுக்கருவி வாயிலும் இருக்கட்டும். மிதப்புச் சட்டையில் கொஞ்சம் காற்று இருக்கட்டும். காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்து நட. அடியில் படுத்திருக்கும் திருக்கை விலகிப்போகும். போகும்போது நீவாட்டுக்கு எதிராகப் போ, திரும்பும்போது அது உன்னைக் கொண்டுவரும்.”

கடலோர மக்கள் நீரோட்டத்துக்குச் சொல்லும் நீவாடு என்ற சொல்லை வேண்டுமென்றே போட்டிருக்கிறேன். உயிரோடு இருக்கும் சொல் இருக்கையில் புதிதாக ஏன் செய்ய வேண்டும்?

> ரிப் கரண்ட் = உள்ளிழுப்பு நீரோட்டம்.

இதில் எனக்குக் கவலை இருக்கிறது. உள்ளிழுப்பு என்றதும் ஆளை அடியில் இழுக்கும் என்று தோன்றும். அந்த ஓட்டம் யாரையும் அடியில் இழுப்பதில்லை. கரையை விட்டு வெளியே கொண்டுபோகிறது. அலைகள் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்த நீர் குறுகிய வழியொன்றில் கடலுக்குத் திரும்பும் ஓட்டம் அது. வேகம் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டுவதும் உண்டு. நீச்சல் வீரரும் எதிர்த்து வெல்ல முடியாது. அந்த வழியில் அலை உடைவது குறைவு என்பதால் மற்ற இடங்களைவிட அது அமைதியாகத் தெரியும். புதியவர் அதைத்தான் நல்ல இறங்கிடம் என்று எண்ணிக்கொள்வார். ‘வெளியிழுப்பு’ என்று பெயர் வைத்தால், என்ன நடக்கிறது என்பதும் தெரியும், என்ன செய்ய வேண்டும் என்பதும் ஊகிக்க வரும்: எதிர்த்துப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓடையை விட்டு விலகு.

> ஸ்நார்க்கல் = மூச்சுக்குழல்.

மருத்துவத்தில் மூச்சுக்குழல் என்பது தொண்டைக்குள் இருப்பது. முதலுதவிப் பக்கத்தில் இரண்டும் அடுத்தடுத்து வந்தால் குழப்பம்தான். ‘நீச்சற்குழல்’ என்று வைக்கலாம். குழலின் நீளம் ஏறத்தாழ 40 செ.மீ.யைத் தாண்டாது, தாண்டினால் வெளிவிட்ட காற்றையே திரும்ப இழுக்க நேரும். ஆழத்தில் நீரின் அழுத்தத்துக்கு எதிராக மார்பு விரியவும் முடியாது. நீண்ட குழல் மாட்டி ஆழத்தில் நடக்கலாம் என்று குழந்தைகள் கேட்பார்கள், அவர்களுக்கு இந்த விளக்கம் போதும்.

ஸ்நார்க்கலிங்குக்குக் ‘குழல்நீச்சல்’. இங்கே நீச்சல் சரியாகவே பொருந்துகிறது, ஏனென்றால் ஆள் நீர்ப்பரப்பிலேயே கவிழ்ந்து மிதக்கிறார். குழல்நீச்சல்காரர் மீனைக் கண்டு தலைகீழாக மூழ்கிய கணத்திலிருந்து அவர் செய்வது மூச்சடக்கு முக்குளிப்பு. அதன் ஆபத்துகளும் அப்போதே தொடங்கிவிடுகின்றன. மூழ்குமுன் வேகவேகமாக மூச்சிழுத்தால் உடலில் கரியமில வாயு குறைந்து, மூச்சு முட்டும் உணர்வே வராமல் நினைவு தப்பும். இரண்டுக்கும் இரண்டு பெயர் இருந்தால் திட்டத்திலும் எல்லை போட முடியும்: இந்தக் குழு குழல்நீச்சல் மட்டும், மிதப்பு அங்கியோடு, கரைக்காவலர் கண்ணில் படும் தூரத்துக்குள்.

அப்புறம் சிறு சொற்கள். ஆங்கிலத்தில் buddy, அதாவது கூட முக்குளிப்பவருக்குத் ‘துணைவர்’ வேண்டாம், கணவன் மனைவி என்று ஆகிவிடும். ‘நீர்த்துணை’ அழகாக இருக்கிறது. காதுக்குள் அழுத்தத்தைச் சமன்செய்யும் ஈக்வலைசிங் என்பதற்குச் ‘செவியழுத்தச் சமன்பாடு’ என்று வந்திருந்தது, கணக்குப் பாடம் போல ஒலிக்கிறது. ‘காது சமனாக்கல்’ போதும். முதல் 10 மீட்டரிலேயே அழுத்தம் இரட்டிப்பாவதால் வலி வருமுன்பே, இறங்க இறங்கச் செய்துகொண்டே போக வேண்டும். உருளையில் அழுத்தம் எவ்வளவுக்குக் குறைந்ததும் திரும்புவது என்பதைச் சொல்லும் டர்ன் பிரஷருக்குத் ‘திரும்பு அழுத்தம்’: 200 பார் (அழுத்த அலகு) உருளையில் 50 பாரோடு கரையேற வேண்டுமென்றால், திரும்பு அழுத்தம் 125 பார் என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது. மேலே வரும் வழியில் சற்று நிற்கும் சேஃப்டி ஸ்டாப், ‘காப்புத் தங்கல்’. 5 மீட்டரில் 3 நிமிடம்.

நோ ஃபிளை டைமுக்குப் ‘பறவாப் பொழுது’ என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது, அனுப்பியவருக்கு வாழ்த்து. பயணத் திட்டத்தில் பலரும் மறப்பது இதைத்தான். ஒரே ஒரு எளிய முக்குளிப்புக்குப் பின் 12 மணி நேரம், பல முறை அல்லது பல நாள் முக்குளித்திருந்தால் 18 மணி நேரம் விமானம் ஏறாமல் இருக்க வேண்டும். கடைசி நாளைக் குழல்நீச்சலுக்கு ஒதுக்கிவிட்டால் தீர்ந்தது.

> ஸ்பிரிங் டைட், நீப் டைட் – உயர் ஓதம், தாழ் ஓதம்.

ஓதம் என்பது கடல்நீர் ஏறி இறங்குவது. உயர், தாழ் இரண்டும் அன்றாடம் நீர் ஏறி இறங்குவதற்கே தேவைப்படும் சொற்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் சேர்த்துச் சொல்லத் தமிழில் உவா என்ற பழஞ்சொல் இருக்கிறது; அவற்றை ஒட்டி ஏற்ற இறக்கம் மிகுந்து வரும் ஸ்பிரிங் டைட் ‘உவா ஓதம்’ ஆகட்டும். அரைநிலவை ஒட்டி வரும் நீப் டைட் ‘அட்டமி ஓதம்’. புதியவர்களை அழைத்துப்போக அட்டமியை ஒட்டிய நாட்களே நல்லவை, நீர் ஏற்ற இறக்கம் குறைவு, நீவாடும் மெலிவாக இருக்கும். இரண்டு ஏற்றங்களுக்கு இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் என்பதால் இறங்கும் நேரமும் நாளுக்கு 50 நிமிடம்போலத் தள்ளிப்போகும். ஓட்டம் நின்று திரும்பும் அந்தச் சிறு இடைவெளி, ஸ்லாக், ‘ஓத ஓய்வு’.

ஒரு சொல்லுக்கு மட்டும் எனக்கு நிறைவான எதுவும் தோன்றவில்லை. ஆழம் குறைந்த இடத்தில் அலையின் வேகத்தால் நீர் முன்னும் பின்னுமாக ஆளை ஊசலாட்டுமே, ஆங்கிலத்தில் சர்ஜ். அலையுலைவு, அடியூசல் இரண்டையும் எழுதிப் பார்த்தேன். முன்னதில் உலைந்து போவது அலையா ஆளா என்று தெரியவில்லை, பின்னது ஒரே திசையில் இழுக்கும் நீவாட்டிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுகிறது. பவளத்தருகே ஊசலாடும்போது கையை ஊன்றித் தப்பிக்கப் பார்ப்பார்கள். பல பாறைப்பவளங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளர்கின்றன. அந்த எச்சரிக்கையை எழுத இந்தச் சொல் தேவை. கடலோரத்தில் வளர்ந்தவர்கள், வலை இழுப்பவர்கள் வீட்டில் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதினால் அதையே எடுத்துக்கொள்கிறேன். அதுவரை குறிப்பேட்டில் ‘அடியூசல்’ என்று இருக்கும்.

அன்புடன்