பிஸ்டலின் சைட்டை வீட்டில் வைத்து மாற்றலாமா? கொக்குவில் பட்டறையில் இருந்து ஒரு கேள்வி

கொக்குவில்_லேத்:
கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் அண்ணையிடம் ஒரு கிளொக் 17 பிஸ்டல் இருக்கிறது. கிளப்பில் இலக்குச் சுடுவதற்காக உரிமத்தோடு முந்தியே வாங்கியது. அதோடு வந்த, குறிபார்க்கிற பிளாஸ்டிக் சைட்டுகளைக் கழற்றிவிட்டு, முன்னுக்கு பைபர் ஒப்ரிக் (வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிகிற இழை), பின்னுக்குக் கறுத்த உருக்குச் சைட் என்று ஒரு சோடி மாட்டப் போகிறார். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது எடுத்துப் போகிறேன், தட்டித் தள்ளுவதற்குப் பித்தளையில் ஒரு பஞ்ச்சும் சைட் தள்ளுகிற சாதனம் ஒன்றும் லேத்தில் செய்து வை என்கிறார்.

வரைபடத்தைப் பார்த்தேன். ஸ்லைட்டின், அதாவது குழலை மூடி முன்பின்னாக ஓடுகிற மேல் பகுதியின், மேல்பக்கத்தில் குறுக்கே ஒரு தவாளிப்பு. அடி அகலம், வாய் ஒடுக்கம். பின் சைட்டின் அடி அதற்குள் இறுக்கமாகப் போய் உட்காருகிறது. திருகாணிகூட இல்லை, இறுக்கம்தான் பிடித்து வைத்திருக்கிறது. எங்கள் பட்டறையில் தினமும் புஷ் ஏற்றுகிறோம், பேரிங் இறக்குகிறோம். அதைவிட இதில் என்ன கஷ்டம்? துவக்குத் திருத்துகிற கன்ஸ்மித்திடம் காசு கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலை இது இல்லை என்பது என் கருத்து. செய்தவர்கள், செய்யக் கூடாது என்பவர்கள் இருவரும் சொல்லுங்கள்.

வடலி_சுன்னாகம்:
செய்யக் கூடாது என்பவன் நான். பேரிங் பிழைத்தால் ஸ்ரான்லி வீதிக்குப் போய் இன்னொன்று வாங்கலாம். உங்கள் அண்ணைக்கு அந்த வசதி இல்லை. கனடாவில் 2022 ஒக்டோபர் 21 முதல் கைத்துப்பாக்கி வாங்குவது, விற்பது, கைமாற்றுவது எல்லாம் நிறுத்தம். 2023 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தின்படி ஸ்லைட்டை மட்டும் தனியாக வாங்குவதற்கும் உரிமம் காட்ட வேண்டும். கையில் இருப்பது பழுதானால் அதே மாதிரி இன்னொரு பிஸ்டல் அவருக்குக் கிடையாது. ஈடு இல்லாத ஒரு பொருளில் கை பழகக் கூடாது. கிளப்புக்குப் போகிறவர், அங்கே கன்ஸ்மித் இருப்பார், அரை மணித்தியால வேலை. கொடுத்துவிட்டு வரட்டும்.

மயூ_ஸ்காபரோ:
அந்த அண்ணை நான்தான். வடலி, சட்டம் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அதே சட்டம்தான் என்னை வீட்டில் செய்யத் தள்ளுகிறது. வீட்டில் இருந்து கிளப்புக்குக் கொண்டு போக உரிமத்தோடு சேர்ந்த அனுமதி இருக்கிறது. கன்ஸ்மித்தின் கடைக்குக் கொண்டு போக 2021 ஜூலைக்குப் பிறகு தனியாக அனுமதி கேட்க வேண்டும். கேட்டு, காத்திருந்து, பூட்டின பெட்டிக்குள் பூட்டின பிஸ்டலோடு போய், விட்டுவிட்டு வந்து, திரும்ப எடுக்கப் போக வேண்டும். சைட் மாற்றுவது சொந்தக்காரர் செய்யக்கூடிய வேலை, அதற்குச் சட்டத்தில் தடை இல்லை. கைநூலிலும் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை.

முன் சைட் இன்னும் சுலபம். ஸ்லைட்டின் உள்பக்கத்தில் இருந்து சின்ன அறுகோணத் திருகாணி ஒன்று பிடித்திருக்கும். அளவு 3/16 அங்குலம். சாதாரண சொக்கெட்டின் சுவர் தடிப்பு, உள்ளே நுழையாது. மெல்லிய சுவர் வைத்த கருவி தனியாக விற்கிறார்கள், அது கையில் இருக்கிறது.

கன்னாதிட்டி_பட்டறை:
நான் நகை வேலை செய்கிறவன். துவக்கைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை, ஆனால் இறுக்கமாக உட்கார வைக்கிற வேலையைப் பற்றிப் பேசலாம். தம்பி லேத் சொன்ன பேரிங் உவமை பொருந்தாது. பேரிங் அளவுக்கு வந்திருக்கும், ஏற்றினால் சரி. கடையில் வாங்குகிற சைட்டை எல்லாத் தவாளிப்புக்கும் போகும்படி செய்திருக்க மாட்டார்கள். கொஞ்சம் பெரிதாகவே விட்டிருப்பார்கள், பொருத்துகிறவன் அராவி எடுக்க வேண்டும் என்று. அந்த அராவுகிற இடம்தான் வேலை.

எந்தப் பக்கம் அராவுவது என்பதில் சந்தேகமே வேண்டாம். சைட்டைத்தான். ஸ்லைட்டில் அரம் படவே கூடாது. சைட் பிழைத்தால் வேறு சைட், ஸ்லைட் பிழைத்தால் வடலி சொன்ன கதை. முக்கோண அரத்தில் ஒரு முகத்தைக் கல்லில் தேய்த்து வழுவழுப்பாக்கிக்கொள்ளுங்கள். அந்த முகம் சைட்டின் மேல் உடலில் படும்போது வெட்டாது, மற்ற முகம் அடியின் சாய்வுச் சுவரை மட்டும் வெட்டும். இரண்டு இழுப்பு, பிறகு மாட்டிப் பார்க்க வேண்டும். திரும்ப இரண்டு இழுப்பு. விரலால் தள்ளினால் மூன்றில் ஒரு பங்கு தூரம் போக வேண்டும், அதற்கு மேல் கருவி. கையாலேயே முழுக்கப் போனால் அளவுக்கு மேல் எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்தச் சைட் சுடும்போது நகரும்.

வடலி_சுன்னாகம்:
ஐயா சொன்னதை வாசித்த பிறகும் வீட்டில் செய்யலாம் என்கிறீர்களா? அராவுவது உங்களுக்குக் கைவந்த வேலை. மயூ அண்ணைக்கு? அவர் பட்டறைக்காரர் இல்லை.

இன்னொன்று. எல்லாப் பிஸ்டலும் கிளொக் இல்லை. இதை வாசித்துவிட்டு வேறு நாட்டில் வேறு பிஸ்டல் வைத்திருப்பவர் கையை வைப்பார். ஸ்மித் அண்ட் வெசன் எம் அண்ட் பி இனத்தில், பின் சைட்டுக்குக் கீழேதான் பாதுகாப்புப் பிளஞ்சரின் (விசையை இழுக்கும்வரை சுடாமல் தடுக்கிற சின்ன முளையின்) ஸ்பிரிங் இருக்கிறது. சைட்டைத் தள்ளினால் ஸ்பிரிங் துள்ளிப் போகும். அதைத் திரும்ப வைக்காமல் மூடினால் தவறிச் சுடாமல் தடுக்கிற ஒரு பாதுகாப்பே இல்லாத பிஸ்டல் கையில் இருக்கும். பெரெட்டா 92எப்எஸ் என்றால் முன் சைட் ஸ்லைட்டோடு சேர்த்தே வெட்டியது, கழற்றுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அது தெரியாமல் சுத்தியலை எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நல்லூர்_ரீச்சர்:
நான் சாதாரண தரத்துக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். இதில் ஒரு கணக்கு இருக்கிறது, யாரும் போடவில்லை. இயல்பொத்த முக்கோணிகள்தான். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையில் உள்ள தூரம் கிளொக் 17இல் 165 மில்லிமீற்றர். இலக்கு 25 மீற்றரில். குண்டு 50 மில்லிமீற்றர் தள்ளிப் பட்டால், சைட்டில் திருத்த வேண்டியது 50 தர 165, வகுத்தல் 25,000. அதாவது 0.33 மில்லிமீற்றர்.

25 மீற்றர் பிஸ்டல் போட்டி இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமும் 50 மில்லிமீற்றர்தான். ஆக மூன்றில் ஒரு மில்லிமீற்றர் பிசகினால் பத்தின் நடுவில் பட வேண்டியது அந்த வட்டத்துக்கு முழுக்க வெளியே போய்விடும். அரை மில்லிமீற்றர் என்றால் கிட்டத்தட்ட 76 மில்லிமீற்றர். கண்ணால் பார்த்து நடுவில் வைத்தேன் என்று ஒருவர் சொன்னால் நான் ஏற்க மாட்டேன். இரண்டு ஓரத்தில் இருந்தும் வேர்னியரால் அளந்து எழுதி வைக்க வேண்டும்.

உயரத்துக்கும் இதே கணக்கு. குண்டு கீழே பட்டால் முன் சைட் உயரம் கூட என்று அர்த்தம், குறைந்ததை வாங்க வேண்டும். பக்கவாட்டில் என்றால், குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின் சைட்டை நகர்த்த வேண்டும்.

கொக்குவில்_லேத்:
ரீச்சர், மிக்க நன்றி. 0.33 என்பது எங்களுக்குப் பெரிய அளவு. லேத்தில் 0.02க்கு வேலை செய்கிறோம். வடலி பயப்படுத்துகிற அளவுக்கு இல்லை என்று இந்தக் கணக்கே காட்டுகிறது.

நல்லூர்_ரீச்சர்:
தம்பி, லேத்தில் டயல் இருக்கிறது. சுத்தியலில் டயல் இல்லை. வித்தியாசம் அங்கேதான்.

மயூ_ஸ்காபரோ:
அதனால்தான் தள்ளும் சாதனம் கேட்டேன். ஸ்லைட்டைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்து ஒரு திருகாணி மெதுவாகத் தள்ளும். கால் சுற்று, அளவு, கால் சுற்று. பஞ்ச்சை வைத்து அடித்தால் ஒரு அடிக்கு எவ்வளவு போகும் என்று யாருக்கும் தெரியாது. பித்தளை என்றால் உருக்கில் காயம் படாது, மஞ்சள் கோடு விழும், துடைத்தால் போய்விடும். இருந்தாலும் நான் அதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறேன். இருட்டில் தானே ஒளிர ட்ரிடியம் வைத்த சைட் என்றால் அடிக்கவே கூடாது, உள்ளே கண்ணாடிக் குழாய். நான் வாங்கினதில் ட்ரிடியம் இல்லை. பன்னிரண்டு வருசத்துக்கு ஒருமுறை வெளிச்சம் பாதியாகிற ஒன்று இலக்குச் சுடுகிறவனுக்கு எதற்கு?

பருத்தித்துறை_வாசகி:
எல்லோரும் அளவு, அரம் என்று பேசுகிறீர்கள். கொஞ்சம் நின்று எனக்குப் பதில் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு லேத் பட்டறையில் துவக்குக்கு என்று ஒரு சாதனம் கடைந்துகொண்டிருக்கிறார்கள் என்பது எப்படி வெளியே போகும் என்று யோசித்தீர்களா? இங்கே துப்பாக்கிகளுக்கு 1916ஆம் ஆண்டுச் சட்டம், 1996இல் தண்டனைகளைக் கூட்டினார்கள். 2024இல் பாதுகாப்பு அமைச்சு சுயபாதுகாப்புக்கென்று உரிமம் கொடுத்த துப்பாக்கிகளையே திருப்பி ஒப்படைக்கச் சொன்னது. உரிமம் உள்ளவர்களின் நிலையே அது.

வன்னியில் மிருகங்களுக்குப் பொறியாகக் கட்டி வைக்கிற கட்டுத்துவக்கால் கால் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். நாட்டுத் துவக்கான இடியன் துவக்குக்குக் குழாய் வெட்டித் தா என்று பட்டறைகளில் வந்து கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் உங்கள் மேசையில் அந்தச் சாதனத்தைக் கண்டால், இந்தப் பட்டறை செய்யும் என்று முடிவெடுப்பார். அடுத்த கிழமை வேறு ஒன்றோடு வருவார். காணி துப்புரவாக்கும்போது இன்றைக்கும் வெடிபொருள் வருகிற ஊர் இது. இந்தப் பழக்கத்தைக் கனடாவில் உள்ளவர்கள் கனடாவில் வைத்துக்கொள்ளட்டும்.

கொக்குவில்_லேத்:
அக்கா, பித்தளைக் கம்பி பித்தளைக் கம்பிதான். அதை வைத்து எந்தத் துவக்கும் செய்ய முடியாது.

பருத்தித்துறை_வாசகி:
கம்பியைப் பற்றி நான் சொல்லவில்லை தம்பி. தள்ளும் சாதனத்தைப் பற்றிச் சொன்னேன். சோதனைக்கு வருகிறவருக்கு நீங்கள் இயல்பொத்த முக்கோணி விளங்கப்படுத்தப் போகிறீர்களா? உங்களிடம் வேலை பழகுகிற பெடியன்கள் இருக்கிறார்கள். முதலில் அவர்களைத்தான் கேட்பார்கள்.

வடலி_சுன்னாகம்:
அக்கா சொன்னதோடு நான் முழுக்க உடன்படுகிறேன்.

கன்னாதிட்டி_பட்டறை:
நானும்தான். அதற்காக மயூ அங்கே தன் வீட்டில் செய்வது பிழை என்று நான் சொல்லமாட்டேன். அது வேறு கேள்வி. தன் கருவியைத் தானே பராமரிக்கிறவனுக்குத்தான் அதன் குணம் தெரியும்.

கொக்குவில்_லேத்:
அக்கா சொன்னதைக் கேட்டு இரவு முழுக்க யோசித்தேன். பெடியன்களைப் பற்றிய பேச்சு என்னை விடவில்லை. சாதனம் இங்கே செய்யமாட்டேன். அண்ணை, அங்கே கடையில் வாங்குங்கள். பித்தளைக் கம்பி மட்டும் கடைந்து வைக்கிறேன். 10 மில்லிமீற்றர் விட்டம், முகம் தட்டையாக, ஓரம் உடைத்து. வேறு பத்து வேலைக்கும் அது உதவும்.

மயூ_ஸ்காபரோ:
சரி தம்பி. அக்காவுக்கும் நன்றி. இங்கே இருந்துகொண்டு அந்தப் பக்கத்தை நான் யோசிக்கவில்லை.

இனி என் திட்டம். மகசீனைக் கழற்றி, குழலில் குண்டு உட்காருகிற இடத்தைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, குண்டுகளை வேறு அறையில் பூட்டின பிறகுதான் மேசைக்கு வருவேன். ஸ்லைட்டைப் பிரித்து, குழலையும் ஸ்பிரிங்கையும் வெளியே எடுப்பேன். முன் சைட்டின் திருகாணியை எண்ணெய் போகத் துடைத்து, திருகாணி தளராமல் பிடிக்கிற நீல லொக்டைட் பசை ஒரு துளி, ஒரு நாள் காய விடுவது. பின் சைட்டுக்குத் தள்ளும் சாதனம். பிறகு கிளப்பில் 25 மீற்றரில் மணல் பையில் கையை ஊன்றிச் சுட்டு, குண்டுகளின் குழு எங்கே விழுகிறது என்று பார்த்துத் திருத்துவேன்.

வடலி_சுன்னாகம்:
லொக்டைட் நீலம்தான் என்பதில் உறுதியாக இருங்கள். சிவப்பு போட்டால் கழற்ற 250 பாகைக்குச் சூடாக்க வேண்டும், பைபர் ஒப்ரிக் உருகிப்போகும். பின் சைட்டில் லொக்டைட்டே வேண்டாம், இறுக்கம் போதாததை மறைக்கத்தான் அதை ஊற்றுகிறார்கள்.

என் கருத்து மாறவில்லை. முன் சைட்டை நீங்கள் மாற்றுங்கள், திருகாணிதானே. பின் சைட்டை மட்டும் கிளப்பில், இதைப் பலமுறை செய்த ஒருவரின் கண் முன்னால் செய்யுங்கள். கிளப்புக்குக் கொண்டு போக உங்களிடம் அனுமதி இருக்கிறது என்று நீங்களே சொன்னீர்கள். கன்ஸ்மித் கடைக்குத் தனி அனுமதி கேட்கிற பிரச்சினையும் வராது.

மயூ_ஸ்காபரோ:
அதை ஏற்கலாம். கிளப்பில் ஒரு வயதான இத்தாலியர் இருக்கிறார், சாதனமும் வைத்திருக்கிறார், கேட்டுப் பார்க்கிறேன். ஆனால் திருகாணியைச் சுற்றுவது என் கைதான். அவர் பக்கத்தில் நிற்கட்டும்.

கன்னாதிட்டி_பட்டறை:
சுட்டுத் திருத்தி முடித்த பிறகு, சைட்டிலும் ஸ்லைட்டிலும் சேர்ந்தாற்போல் மெல்லிய வெள்ளைப் பெயின்ற் கோடு ஒன்று போடுங்கள். சைட் நகர்ந்தால் கோடு முறியும். ஒவ்வொரு முறையும் பெட்டியைத் திறக்கும்போது முதலில் அந்தக் கோட்டைப் பாருங்கள்.

நல்லூர்_ரீச்சர்:
மயூ, முதல் குழுவின் அளவுகளை இங்கே போடுங்கள். எத்தனை மில்லிமீற்றர் இடம், வலம், மேல், கீழ் என்று. திருத்தம் எவ்வளவு என்று நான் கணக்குப் போட்டுத் தருகிறேன். ஐந்து குண்டின் நடுவை எடுக்க வேண்டும், தனிக் குண்டைப் பார்த்துச் சைட்டை நகர்த்த வேண்டாம்.