இன்சூரன்ஸ் இல்லாதவங்க வர்ற கிளினிக்ல காத்திருப்ப எப்படி குறைக்கிறது?

கேள்வி – கவுன்ட்டர்வாசி:
வணக்கம் மக்களே. அமெரிக்கால ஒரு கம்யூனிட்டி ஹெல்த் சென்டர்ல ஃப்ரன்ட் டெஸ்க்ல இருக்கேன், வர்றவங்கள்ல நிறைய பேருக்கு இன்சூரன்ஸ் கிடையாது. 9 மணி அப்பாயின்ட்மென்ட்டுக்கு வந்தவர் வெளிய போக 11 ஆயிடுது, டாக்டர் கூட இருந்தது என்னவோ கால் மணி நேரம்தான். ஒரு பக்கம் ஹால்ல உக்கார இடமில்ல, இன்னொரு பக்கம் புக் பண்ண நாலு பேர் வரவே இல்ல. இன்னொரு டாக்டர் வேணும்ங்கறார் மேனேஜர், அதுக்கு காசு இல்லன்னும் அவரே சொல்றார் 😀 ஆள் சேக்காம எதுல கை வைக்கலாம்?

நர்ஸக்கா:
தம்பி, டாக்டர் கணக்க அப்புறம் பாக்கலாம், நேரம் எங்க போகுதுன்னு முதல்ல பாருங்க. நாங்க ஒவ்வொரு பேஷன்ட் கையிலயும் ஒரு துண்டுச்சீட்டு குடுத்து உள்ள வந்தது, பேர் கூப்பிட்டது, ரூமுக்கு போனது, டாக்டர் நுழைஞ்சது, கெளம்பினதுன்னு நேரத்த மட்டும் எழுத வெச்சோம், ஒரே வாரம். பாத்தா வருமான சான்று இல்லாதவங்க எல்லாம் கவுன்ட்டர்லயே மாட்டிக்கிட்டு நிக்கறாங்க! ஸ்லைடிங் ஃபீக்கு, அதாவது வருமானத்துக்கு ஏத்த மாதிரி கொறையற கட்டணத்துக்கு, பாக்கறது வருமானமும் குடும்பத்துல எத்தன பேருங்கறதும்தான். ஃபெடரல் பாவர்ட்டி லெவல்ல (அரசாங்கம் வெச்சிருக்கற வறுமைக் கோடு) 100 சதவீதத்துக்குள்ளன்னா முழு தள்ளுபடி, பேருக்கு ஒரு சின்ன தொகை வாங்கலாம், 200 வரைக்கும் தள்ளுபடி பாதி, கால்னு குறையும், அதுக்கு மேல கிடையாது. ரொக்கமா கூலி வாங்கறவர்கிட்ட பே-ஸ்லிப் (சம்பள சீட்டு) கேட்டா எங்க போவார்? எங்க போர்டுல பேசி, வருமானத்த அவங்களே எழுதி கையெழுத்து போடற ஃபார்ம் கொண்டு வந்தோம், பாதி கூட்டம் அங்கயே கரைஞ்சிருச்சு.

ஸ்டெத்து:
அக்கா சொன்னது சரி. நோ-ஷோ, அதான் புக் பண்ணிட்டு வராதவங்க, அத பத்தி ஒண்ணு, எப்படியும் வரமாட்டாங்கன்னு ஒரே ஸ்லாட்ல ரெண்டு பேர போடாதீங்க, ரெண்டு பேரும் வந்து நிக்கற அன்னிக்கு நீங்க செத்தீங்க. மூணு வாரம் தள்ளி தேதி குடுத்தா ஷிஃப்ட் மாறிடும், வண்டி கெடைக்காது, மறந்தும் போயிடும். தினமும் கொஞ்சம் ஸ்லாட்ட காலியா விட்டு அன்னிக்கு கூப்பிடறவங்களுக்கு அன்னிக்கே குடுங்க.

அப்புறம் ஸ்டாண்டிங் ஆர்டர், அதாவது ஒவ்வொரு தடவையும் டாக்டர கேக்காம நர்ஸே செய்யலாம்னு முன்கூட்டியே எழுதி வெக்கற உத்தரவு. சுகர் பேஷன்ட்டுன்னா நான் போறதுக்கு முன்னாடியே விரல்ல குத்தி ஏ1சி (ரெண்டு மூணு மாச சராசரி சுகர்) மெஷின்ல போட்டுருவாங்க, ஷூ சாக்ஸையும் கழட்ட வெச்சிருவாங்க. சாக்ஸ் போட்டிருந்தா அவசரத்துல கால பாக்காமயே அனுப்பிடுவோம், உண்மைய சொல்றேன். கால்ல இருக்கற புண்ண அன்னிக்கு விட்டா பின்னாடி விரலையே எடுக்கற நெலமைக்கு வந்து நிக்கும்.

மாத்திரைடப்பா:
ரீஃபில்ல, அதான் தீந்த மாத்திரைய திரும்ப வாங்கறத, யாருமே சொல்லலையே? பிரஷர் கன்ட்ரோல்ல இருக்கறவருக்கு 30 நாளுக்கு பதிலா 90 நாள் எழுதினா வருஷத்துக்கு 12 ஃபோன் 4 ஆயிடும். நீங்க ஃபெடரல் கிரான்ட் வாங்கற சென்டர்னா 340பி-ங்கற ஃபெடரல் மருந்து தள்ளுபடி திட்டத்துல சேரலாம், 1992-லேர்ந்து இருக்கு, மருந்து குறைஞ்ச வெலைக்கு வரும். ஆனா அந்த லாபம் பேஷன்ட் பில்லுக்கு போய் சேருதான்னு பாத்துக்கோங்க, தானா போகாது.

கவுன்ட்டர்வாசி:
ரொம்ப நன்றி. நேத்து மேனேஜர்கிட்ட கேக்காமயே 20 சீட்டு குடுத்து பாத்தேன். ரூமுக்குள்ள போயும் சராசரியா 35 நிமிஷம் சும்மா உக்காந்திருக்காங்க, காரணம் கேட்டா சிரிப்பீங்க, பிரின்டர் இருக்கறது அந்தக் கோடில, ஒவ்வொரு பேப்பருக்கும் நர்ஸ் நடக்கறாங்க. திங்கக்கிழமை அத நகத்தப் போறோம். ஃபார்ம் விஷயத்துக்கு போர்டு மீட்டிங் வரைக்கும் காத்திருக்கணும்.

நர்ஸக்கா:
பிரின்டர நகத்தறதுக்கு முன்னாடி அங்க பிளக் பாயின்ட் இருக்கான்னு பாத்துக்கோ தம்பி, நாங்க பாக்கல 😅